கிளம்புதுன்னு சத்தம் போட்ட பிறகு

மாசிலாமணி இருபத்தொம்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. அதுக்கப்புறம்தான் ரிமோட்ல பறக்குற குட்டி விமானத்து மேல ஆசை வந்துச்சு. மூணு செஞ்சாரு. மூணும் கிளம்பும்போதே உடைஞ்சுச்சு.

நாலாவது செய்ய அஞ்சு மாசம் ஆச்சு. அவரு சம்சாரம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"இதுவும் விறகாத் திரும்பி வந்தா, சொல்லிட்டேன், நம்ம வீட்டுல இருக்கிறது கேஸ் அடுப்பு. இதோட நிறுத்திக்கணும்."

ஞாயித்துக்கிழமை காலையில அதைத் தூக்கிக்கிட்டு ஏரிக்குப் போனாரு. தண்ணி வத்தி, தரை கெட்டியாக் கிடந்துச்சு. அங்க பறக்க விட வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறது ஜெசிந்தா. முப்பத்திரண்டு வயசு. மத்த நாள்ல ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிற வேலை. மாசிலாமணி அவங்களை "குருவம்மா"ன்னுதான் கூப்பிடுவாரு. கேலியா இல்ல, நெசமாவே.

"குருவம்மா, ஓட ஆரம்பிச்சதும் இடது பக்கம் இழுக்குது. மூணும் அப்படித்தான். அப்ப என்ன பண்ணணும்?"

"நீங்க என்ன பண்ணினீங்க, டிரைவரய்யா?"

"வலது பக்கம் ஒடிச்சேன். அந்தப் பக்கம் எகிறுச்சு. தரையில இருந்தாத்தானே இழுக்கும்னு படக்குனு மேல தூக்கிட்டேன்."

"தூக்கினதும்?"

"கவுந்துருச்சு."

ஜெசிந்தா மோட்டாரைப் போடாம, விமானத்தைக் கையால தள்ளி விட்டாங்க. நூல் புடிச்ச மாதிரி நேரா ஓடுச்சு.

"சக்கரத்துல குத்தமில்ல. மோட்டார் சுத்துற வேகம்தான் இடது பக்கம் இழுக்குது"ன்னு சொல்லி ரிமோட்டை வாங்கிக்கிட்டாங்க.

அந்த ஏரியில ஒரு வழக்கம். விமானத்தை ஓட விடுறதுக்கு முன்னாடி "கிளம்புது!"ன்னு சத்தம் போடணும். இருக்கிற அத்தனை பேரும் ஒதுங்கி நின்னு பாப்பாங்க.

"கிளம்புது!"

இருபதடி ஓடுச்சு. மூக்கு இடது பக்கம் திரும்புச்சு. ஜெசிந்தா மோட்டாரை நிறுத்திட்டாங்க. நடந்து போயி எடுத்துட்டு வந்து, பழைய இடத்துலயே வச்சாங்க.

"கிளம்புது!"

இந்தத் தடவை மோட்டாரை இன்னும் மெதுவா ஏத்தினாங்க. முப்பதடி. மறுபடியும் நிறுத்திட்டாங்க. அந்த இழுப்புக்கு ஈடா, வால் பக்கத்துச் சின்னச் சக்கரத்தோட கம்பியை நகத்தால லேசா நெளிச்சாங்க.

மூணாவது தடவை பக்கவாட்டுல காத்து அடிச்சுச்சு. நிறுத்தினாங்க. நாலாவதுலயும் நின்னுச்சு.

டயர் கடை அபுபக்கர் தூரத்துலருந்து கத்தினாரு. "என்ன ஜெசிந்தா, டிரைவர் வண்டிங்கிறதால ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குதா?"

"ஆமா பாய். நீங்க ஏறுறீங்களா?"

அஞ்சாவது தடவை நேரா ஓடுச்சு. சக்கரம் எப்பத் தரையை விட்டுச்சுன்னே மாசிலாமணிக்குத் தெரியல. பாக்கும்போது விமானம் கருவேல மரத்துக்கு மேல இருந்துச்சு. அவரு எத்தனையோ டிரைவர்களைப் பாத்தவரு. இப்படி ஒரு கையைப் பாத்ததில்ல.

ஒரு சுத்து சுத்தி இறக்கிட்டு, ரிமோட்டை அவர்கிட்ட நீட்டினாங்க.

"நானா?"

"உங்க வண்டிதானே?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினாரு. "கிளம்புது!"

எல்லாரும் ஒதுங்கினாங்க. விமானம் ஓடுச்சு. இருபத்தஞ்சு அடியில இடது பக்கம் இழுத்துச்சு. அவரு விரல் மேல தூக்கப் போச்சு. பாதியில நின்னுச்சு. அப்புறம் மோட்டாரை நிறுத்துச்சு.

விமானம் புழுதியில அரை வட்டம் போட்டு நின்னுச்சு. ஒரு கீறல் இல்ல.

"என்ன டிரைவரே, டீசல் இல்லையா?" அபுபக்கர் சிரிச்சாரு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

மாசிலாமணிக்குக் காது சூடாயிருச்சு. "சர்வீஸ்ல ஒரு நாள்கூட, கண்டக்டர் போலாம்னு டபுள் விசில் குடுத்த பிறகு வண்டியை எடுக்காம நின்னதில்ல குருவம்மா. இங்க ஊரையே ஒதுங்கி நிக்க வச்சு, கிளம்புதுன்னு கத்திட்டு, கிளம்பாம நின்னா... கேவலமா இருக்கு."

ஜெசிந்தா போயி விமானத்தை எடுத்துட்டு வந்து, பழைய இடத்துலயே வச்சாங்க.

"அந்தச் சத்தம் ஆளுங்க ஒதுங்குறதுக்கு, டிரைவரய்யா. விமானத்துக்கு நீங்க ஒண்ணும் வாக்குக் குடுக்கல."