இறால் குட்டையிலிருந்து எடுத்த தண்ணீர்

திருமாறனுக்கு அந்த நுண்ணுயிர் பிடிகொடுக்கவே இல்லை.

காத்தமுத்துவின் இறால் குட்டையிலிருந்து போன மாதம் அவனே எடுத்துவந்த தண்ணீரில் வளர்ந்தது அது. அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் வகை. நுண்ணோக்கியில் உட்சவ்வுகளின் அடுக்கைப் பார்த்தால் ஒரு பேரினம். மரபணுவைப் படித்தால் வேறொன்று. ஒருவேளை இதுவரை யாரும் பெயரிடாத இனமாக இருக்கலாம். அந்த நினைப்பில் அவனுக்குச் சரியாகத் தூக்கம்கூட இல்லை.

கடைசியில் தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் செசிலியிடமே போனான்.

“மேடம், வடிவம் ஒன்று சொல்கிறது, மரபணு ஒன்று சொல்கிறது. எதை நம்புவது?”

“மரபணுவை. உறவே இல்லாத இரண்டு பேருக்கு முகஜாடை ஒத்துப்போவதில்லையா?”

அவன் முகம் தெளிந்தது. எழுந்தான். அவர் விடவில்லை.

“நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுமே, அடுத்த வகை. அதன் மரபணு அந்தத் தண்ணீரில் கிடைத்ததா?”

“இல்லை மேடம். தேடிப் பார்த்தேன். சுவடே இல்லை.”

“எப்போது தெரிந்தது?”

“முதல் வாரமே.”

செசிலி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கார் சாவியை எடுத்தார்.

“வா.”

உப்பளங்களைத் தாண்டியதும் நாற்றம் வந்தது.

குட்டையில் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர்களை நிறுத்திவிட்டிருந்தார்கள். கரையோரமெல்லாம் இறால்கள் வெளிறி ஒதுங்கிக் கிடந்தன. காத்தமுத்துவும் அவர் மனைவியும் அவற்றை அள்ளிக் குழியில் கொட்டி, மேலே சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்கள்.

செசிலி ஒரு குப்பியில் தண்ணீர் மொண்டு, பையிலிருந்த சோதனை மருந்தை அதில் சில துளி விட்டார். தண்ணீர் கருஞ்சிவப்பாகத் திரும்பியது. நைட்ரைட். இறாலின் ரத்தத்தில் ஏறி மூச்சை அடைக்கிற நஞ்சு. அதைத் தின்று தீர்க்க அந்தக் குட்டையில் எதுவும் இல்லை என்பது இத்தனை நாளும் திருமாறன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

“என் ஆய்வு அந்த வகையைப் பற்றியது இல்லையே, மேடம்,” என்றான்.

அவர் குப்பியை அவன் கையில் கொடுத்தார்.

“காலேஜ் சார் வந்திருக்காரு,” என்று மனைவி சொல்ல, காத்தமுத்து கூடையை இறக்கிவிட்டு வந்தார். சுண்ணாம்பு பட்டு விரல்கள் வெந்திருந்தன.

“சார், போன மாசம் தண்ணி எடுத்துட்டுப் போனீங்களே. அதுல ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

திருமாறன் செசிலியைப் பார்த்தான்.

“என்னை ஏன் பார்க்கிறாய்? கேட்டவர் எதிரில் நிற்கிறார்.”