இடது மூலைக்கு ஓர் ஆள்

“அந்தக் கால் இனிமே மடங்காதாம்ட்டி. ஊருக்கே தெரியும். அக்காவுக்கு மட்டுந்தான் தெரியாது.”

மைதானத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவள் வாய் நிறைய தண்ணீரை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். பாட்டில் நிரப்பப் பின்னால் காத்திருந்த தர்மலிங்கத்தை இருவரும் கவனிக்கவில்லை.

தர்மலிங்கம் அந்தப் பெண்கள் கபடி அணியின் துணைப் பயிற்சியாளர். பல வருடம் வாலிபால் சொல்லிக்கொடுத்தவர். கபடிக்கு வந்தது இந்த வருடம்தான். தலைமைப் பயிற்சியாளர் பொற்கொடி, வயதில் அவரைவிட இளையவர். ஆனால் களத்தில் எல்லோருக்கும் பொற்கொடிதான் மாஸ்டர். தர்மலிங்கத்துக்கும்.

அவர் பாட்டிலை நிரப்பாமலே திரும்பி வந்தார்.

மாஸ்டர் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஷூவுக்குள் புகுந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க சார்.”

“நாளைக்குத் தேர்வு. ஒவ்வொரு அணியும் சுற்றுக்கு ஒரு பெயராக் கூப்பிடப் போறோம். நல்ல ரெய்டருங்களை எல்லாம் முதல் ரெண்டு சுற்றுலயே தூக்கிடுவாங்க. மூலையில நிக்கிறதுல பேர் வாங்கின கார்னருங்களும் அதுலயே போயிடுவாங்க. நம்ம முறை கடைசி. அது வர்றதுக்குள்ள யாருக்கும் வேண்டாதவங்கதான் மிச்சம் இருப்பாங்க. அந்தக் கூட்டத்துல இடது மூலைக்கு ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

மாஸ்டர் ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினார்.

“ஜெபக்கனியைக் கூட்டிட்டு வாங்க.”

தர்மலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார்.

போன பருவம் வரை அந்த அணியின் இடது மூலையில் நின்றவள் ஜெபக்கனி. பாடி வரும் ரெய்டரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது அந்த மூலையில் நிற்பவளின் வேலை. கடைசி ஆட்டத்தில் அப்படித்தான் ஒரு காலைப் பிடித்தாள். எல்லோரும் மேலே வந்து விழுந்தார்கள். முழங்கால் திருகிய பிறகும் அவள் பிடியை விடவில்லை. அந்தப் புள்ளியில்தான் அணி ஜெயித்தது. அதன்பின் அவள் களத்தில் இறங்கவில்லை.

புதிதாக ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடம் அவளுக்காகக் காத்திருக்கும். கிடைத்துவிட்டால் அவள் பெயர் அணியில் இருக்காது. அது அவளுக்கும் தெரியும்.

“அவளோட இடத்துக்கு ஆள் தேட அவளையேவா மாஸ்டர்?”

“வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துருங்க சார்.”

ஜெபக்கனி வந்தாள். களத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். இடது காலை நீட்டி வைக்க எதிரே இன்னொரு நாற்காலி. பக்கத்தில் தர்மலிங்கம் உட்கார்ந்தார். அணிகளில் இடம் கேட்டு வந்திருந்த பெண்கள் முறை முறையாக இறங்கி ஆடினார்கள். மண் களம். எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள்.

“இவ எப்படிம்மா?”

“நல்லாத்தான் நிக்கா. ஆனா ரெய்டர் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கா. மூஞ்சியிலயா சார் காலு இருக்கு?”

தர்மலிங்கம் சிரித்துவிட்டார்.

“அந்த உயரமான பொண்ணு?”

“அவளா? கல்யாண வீட்டுல பந்திக்கு இடம் பிடிக்க வந்தவ மாதிரில்லா வாரா. பிடிச்சதும் விட்டுட்டு வேற இடம் தேடுவா.”

“பச்சை பனியன்?”

“தைரியம் இருக்கு. பாய்ஞ்சா பாய்ஞ்சதுதான். ஆனா ரெய்டர் போனதுக்கு அப்புறம் பாயுதா. பஸ்ஸு போன பிறவு கை காட்டுற கதை.”

அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நீட்டிய காலை மறந்துவிட்டு, ஒவ்வொரு ரெய்டுக்கும் தோளைச் சாய்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டது.

பிறகு ஒல்லியான ஒரு பெண் இறங்கினாள். இசக்கி என்று பெயர். அண்ணனுடையதோ யாருடையதோ, தொளதொளவென்று ஒரு பனியன். அவள் இடது மூலையில் போய் நின்றாள். முதல் ரெய்டில் காலைத் தவறவிட்டாள். இரண்டாவதிலும் தவறவிட்டாள். மண்ணைத் துப்பிவிட்டு எழுந்து நின்றாள்.

“சார், கொஞ்சம் தண்ணி தாங்களேன்.”

தர்மலிங்கத்திடம் இருந்தது நிரப்பாத பாட்டில். பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிக் கொடுத்தார். ஜெபக்கனி குடித்தாள். மூடியைப் போட்டுத் திருகினாள். சரியாக விழவில்லை போல, கழற்றி மறுபடியும் திருகினாள். களத்தில் ஒரு சத்தம் கேட்டது. இசக்கி யாரையோ பிடித்திருந்தாள். கணுக்காலை மார்போடு அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

“இவ எப்படிம்மா?”

“யாரு?”

“இப்ப பிடிச்சாளே, ஒல்லிப் பொண்ணு.”

“அவளா.” ஜெபக்கனி பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினாள். “பாயுறதுக்கு முன்னால கால் கட்டைவிரலைத் தூக்குதா சார். விவரமான ரெய்டரா இருந்தா அத வெச்சே தப்பிச்சிருவா. வேண்டாம்.”

தர்மலிங்கம் உற்றுப் பார்த்தார். அடுத்த ரெய்டில் அந்தக் கட்டைவிரல் மெல்ல மண்ணை விட்டு எழும்பியது. பிறகுதான் இசக்கி பாய்ந்தாள். பிடி கிடைக்கவில்லை.

வெயில் ஏறியதும் ஆட்டம் முடிந்தது.

“யாருமே இல்லையாம்மா?”

“இந்த வருசம் இல்ல சார்.” அவள் கைகளால் தன் காலைத் தூக்கிக் கீழே வைத்தாள். “ரெண்டு மாசம் பொறுத்தீங்கன்னா நானே வந்துருவேன். மாஸ்டர்ட்ட சொல்லுங்க.”

தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வாசல் வரை நடந்தாள். அங்கே அவனுடைய பைக் நின்றது. பின்னால் ஏறி உட்கார அவளுக்கு நேரமானது. தர்மலிங்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டர் அதே புளியமரத்தடியில்தான் இருந்தார். காலையிலிருந்து அங்கிருந்து நகரவில்லை.

“யாரும் இல்லைன்னு சொல்றா மாஸ்டர்.”

“சரி.”

“நீங்களாவது கிட்ட வந்து பார்த்திருக்கலாம். இங்க இருந்து ஆட்டமே தெரியாதே.”

“தெரியாது. ஜெபக்கனி நல்லாத் தெரிஞ்சா.”

தர்மலிங்கம் மரத்தடியிலிருந்து திரும்பிப் பார்த்தார். காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளும் அங்கிருந்து நேராகத் தெரிந்தன.

“யார் ஆடும்போது சார் அவ தண்ணி கேட்டா?”

அவர் யோசித்தார். நினைவுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

“இசக்கி.”

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

“ஆனா அந்தப் பொண்ணு கட்டைவிரலைத் தூக்குறா மாஸ்டர். நானே பார்த்தேன். ஜெபக்கனி பொய் சொல்லலை.”

“பொய்யே சொல்ல மாட்டா. இங்க வந்த புதுசுல அவளும் தூக்குவா.”

“ஜெபக்கனியா?”

“ஒரு புளியங்கொட்டையை விரலுக்கு அடியில வெச்சு ஆடச் சொன்னேன். கொட்டை உருண்டா வெளிய போயி உக்காரணும். எத்தனையோ நாள் வெளியதான் உக்காந்திருந்தா. அழுவா. திரும்ப வந்து நிப்பா.”

ஒரு புளியம்பழம் உதிர்ந்து தர்மலிங்கத்தின் காலருகே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“குழாயடியில பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க மாஸ்டர். கால் இனி மடங்காதாம். அவளுக்கு மட்டும் தெரியாதாம். பாவம், ரெண்டு மாசத்துல வந்துடுவேன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா.”

“தெரியாதவ எதுக்கு சார் தண்ணி கேக்கா?”

தர்மலிங்கத்துக்கு மாஸ்டரின் மேல் கோபம் வந்தது. எப்போதும் வராத கோபம்.

“உங்களுக்குக் கல் மனசு மாஸ்டர். அவளை உக்கார வெச்சுத்தான் இதைத் தெரிஞ்சுக்கணுமா? நாங்க இத்தனை பேர் இருந்தோமே. எங்க கண்ணெல்லாம் கண் இல்லையா?”

மாஸ்டர் எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டினார். களத்தின் இடது மூலையைப் பார்த்தபடி நின்றார்.

“உங்க யாருக்கும் வலிக்காதே சார்,” என்றார்.

மறுநாள் மண்டபத்தில் அணிகள் மேசை மேசையாக உட்கார்ந்திருந்தன. நினைத்தபடியே நல்ல ரெய்டர்கள் முதலில் போனார்கள். பேர் வாங்கிய கார்னர்களும் போனார்கள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது விசிலடித்தார்கள். நான்காம் சுற்றிலெல்லாம் விசில் நின்றுவிட்டது. பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஜெபக்கனி சுடிதாருக்கு மேல் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தர்மலிங்கத்துக்குப் பின்வரிசையில், ஓர நாற்காலியில், காலை நடைபாதையில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கடந்து போகிறவர்கள் அந்தக் காலைத் தாண்டிப் போனார்கள்.

ஐந்தாம் சுற்று. மைக் மறுபடியும் அவர்கள் மேசைக்கு வந்தது. தர்மலிங்கம் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்னங்க சார், வாலிபால் சர்வீஸ் போடவா நிக்கீங்க? இது கபடி சார்!”

சிரிப்பு எழுந்து அடங்கியது.

“இசக்கி,” என்றார் தர்மலிங்கம். “லெஃப்ட் கார்னர்.”

மேடையிலிருந்தவர் ஒருமுறை திருப்பிக் கேட்டார். தர்மலிங்கம் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்ததும் பின்னால் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இடைவேளையில் பார்த்தபோது அந்த ஓர நாற்காலி காலியாக இருந்தது. முதுகுச் சாய்வில் அணிச் சட்டை மடித்துப் போடப்பட்டிருந்தது.

பயிற்சி தொடங்கியது. இசக்கி இடது மூலையில் நின்றாள். ரெய்டர்கள் அவளுடைய கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்துத் தப்பினார்கள். “ஏட்டி இசக்கி, பஸ்ஸு வாறதுக்கு முன்னால ஆரன் அடிச்சிருத நீ!” என்று ஒருத்தி கத்தினாள். இசக்கி சிரிப்பது போலச் செய்தாள். விழுந்தாள். எழுந்தாள்.

“கொட்டை வெச்சு ஆடச் சொல்லட்டுமா மாஸ்டர்?” என்று தர்மலிங்கம் கேட்டார்.

“பொறுங்க சார்.”

“எதுக்கு?”

மாஸ்டர் வாசல் பக்கம் பார்த்தார். மறுநாள் கேட்டபோதும் அங்கேயே பார்த்தார். அந்த வாரம் முழுவதும் இசக்கி மண்ணைத் தின்றாள். தர்மலிங்கம் ஒருநாள் தானாகவே ஒரு கொட்டையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். மாஸ்டர் கையை நீட்டினார். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வாசலில் பைக் வந்து நின்றது. ஜெபக்கனி இறங்கினாள். வீட்டில் உடுத்தும் சேலையில் வந்திருந்தாள். தம்பி தோளைக் காட்டினான். அவள் பிடிக்கவில்லை. புளியமரம் வரை நொண்டி நடந்து வந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு, நீட்டிய கால் நீட்டியபடியே தரையில் உட்கார்ந்தாள். மாஸ்டரை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாஸ்டரும் அவளைக் கூப்பிடவில்லை.

வெகுநேரம் அவள் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி. இங்க வா.”

இசக்கி மூச்சு வாங்க ஓடி வந்து நின்றாள்.

ஜெபக்கனி கீழே கிடந்த புளியம்பழம் ஒன்றை எடுத்து ஓட்டை உடைத்தாள். வாயில் போட்டுச் சப்பினாள். புளிப்பில் அவள் முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொட்டையை உள்ளங்கையில் துப்பி, சேலையில் துடைத்தாள்.

“காலைக் கொண்டா,” என்றாள்.

இசக்கியின் பாதத்தைப் பிடித்து, கட்டைவிரலை நிமிர்த்தி, அதன் அடியில் கொட்டையை வைத்தாள். விரலின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மண்ணோடு அழுத்திக்கொண்டாள்.