ஒத்தை அரிசி வடிச்ச கஞ்சி

பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். அங்கன்வாடி வாசலில் பிள்ளைகளுக்கு எடை போட வரிசை. எங்கள் நிறைமதிக்குப் போன மாசமே எடை குறைச்சல். இந்த மாசமும் குறைந்தால் டீச்சர் எல்லார் முன்னாடியும் என்னைத்தான் கேட்பார். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கிண்ணம் உள்ளே போனால் தராசில் கொஞ்சமாவது ஏறும். அவளோ வாயைத் திறக்கவில்லை. கதை சொன்னால்தான் திறப்பாள்.

“நேத்து நீ தூங்கினப்ப உருளைக்கிழங்கு ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்துச்சுடி. பெரு தேசத்து மலையிலேர்ந்து கடல்ல நீந்தியே வந்துச்சு. நான்தான் துண்டு குடுத்துத் துவட்டி விட்டேன்.”

முன்னால் நின்ற செங்கமலம் அக்கா திரும்பினார். “உருளைக்கிழங்கு நீந்துமா பவளம்?”

வாயை விட்டாச்சு, இனி என்ன செய்ய! “நம்மூர்க் கிழங்கு நீந்தாதுக்கா. அது மலைக் கிழங்கு, தெம்பு சாஸ்தி. ‘உங்க மக வாய்க்குள்ள ஒருதரம் போயிட்டா போதும் தாயீ’ன்னு ஒரே அழுகை. அதுக்குள்ள பஞ்சாப் கோதுமை வந்துருச்சு. ரயில்ல இடமில்லையாம். சப்பாத்தியா மாறித் தண்டவாளத்துல உருண்டே வந்திருக்கு. மெக்சிகோ மக்காச்சோளம் தாடியோட நிக்குது. ஆப்பிரிக்கா மரவள்ளி, அவசரத்துல மண்ணைக்கூடத் தட்டாம வந்திருக்கு. வரிசை ஏரிக்கரையைத் தாண்டிப் போகுது.”

“போலீஸ் வரலையா?” என்றார் பின்னால் நின்ற சகாயமேரி.

“வந்தாங்களே. அவங்களும் வரிசையில நின்னுட்டாங்க.”

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. தலையை நிமிர்த்தவே இல்லை. கை பாட்டுக்கு உருட்டியது, வாய் பாட்டுக்கு ஓடியது.

“‘எல்லாரும் போங்க, எம்மவளுக்கு நான் சோறு வடிக்கிறேன்’னேன். ஒரே ஒரு அரிசிதான் போட்டேன். பொங்கிச்சு பாரு! வடிச்ச கஞ்சி ஓடை நிறைஞ்சு, ஏரி நிறைஞ்சு, கடலே வெளுத்துருச்சு. கப்பலெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. சீனாக்காரங்களும் ஜப்பான்காரங்களும் கரையில நின்னு மொண்டு மொண்டு குடிச்சாங்க. உப்புகூட நான் போடலை, கடலே பாத்துக்கிச்சு.”

“அப்ப அந்த ஒத்தை அரிசிச் சோறு எங்கடி?” என்றார் அக்கா.

“ஊரெல்லாம் தின்னு மிஞ்சினது இந்தக் கிண்ணத்துல இருக்குக்கா. ஆ காட்டு!”

ஒரு வாய் திறந்தது. வைத்தேன். மறுபடி திறந்தது. வைத்தேன். கிண்ணம் காலி. சந்தோஷமாக நிமிர்ந்தால், வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி நின்று மென்றுகொண்டிருக்கிறார்கள். நிறைமதி மட்டும் உதட்டை இறுக்கியபடியே இருந்தாள். அப்புறம் மெல்லத் திறந்தாள்.

“பொய்ம்மா” என்றாள்.

“நிறைமதி அம்மா! பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க!” டீச்சர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

தூக்கினேன். பஞ்சு மாதிரி இருந்தாள். “இவ எடையெல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். வெயில்ல அவ்வளவையும் தூக்கிட்டு வர முடியலைன்னு பாதியை வீட்டுலயே இறக்கி வெச்சுட்டு…”