ஆலாத்திட்டில் ஒரு சாப்பாடு

கலியமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

குரு என்று கலியமூர்த்திதான் சொல்லிக்கொண்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் தையல்நாயகி டீச்சர். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு ஒரு படகு வாங்கினார். விடுமுறைக்கு வருகிறவர்களை அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப் போவார். இன்ஜின் கிடையாது, மூங்கில் ஊன்றித்தான் போக வேண்டும். மதியம் படகிலேயே சாப்பாடு.

கலியமூர்த்தியும் அப்படி ஒரு நாள் வந்தவர்தான். கும்பகோணம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் முப்பது வருஷம் கரண்டி பிடித்த கை. படகில் கொடுத்த மடவை மீன் குழம்பை ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“இதுல என்ன போட்டிருக்கீங்க?”

“உப்பு, புளி, மிளகாய்.”

“அது மட்டும் போட்டா இந்த ருசி வராதே.”

“காலையில இந்தத் தண்ணியில ஓடிக்கிட்டிருந்த மீனு,” என்றார் டீச்சர்.

மறுவாரம் கலியமூர்த்தி ஒரு பையோடு வந்து நின்றார். சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பதிலுக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

“படகு தள்ளத் தெரியுமா?”

“தெரியாது.”

“நீச்சல்?”

“தெரியாது.”

“அப்ப நீச்சல்ல ஆரம்பிப்போம் அண்ணே.”

ஒரு வருஷம் ஓடியது. கலியமூர்த்தி நீந்தக் கற்றுக்கொண்டார். சேற்றில் சிக்காமல் மூங்கில் ஊன்றக் கற்றுக்கொண்டார். சினை நண்டு வலையில் வந்தால் திருப்பி விட்டார். உமரிக் கீரையை எதுவரை கிள்ளினால் மறுபடி துளிர்க்கும் என்பது அவர் விரலுக்கே தெரிந்திருந்தது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

காடு முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் ஒரு மணல் திட்டு இருந்தது. வெயில் காலத்தில் ஆலாப் பறவைகள் அங்கே வந்து முட்டையிடும். கூடெல்லாம் கட்டாது. மணலில் சின்னதாய் ஒரு குழி, அதில் இரண்டு முட்டை. முட்டையும் மணல் நிறம்தான். டீச்சர் படகைத் திட்டிலிருந்து தள்ளியே நிறுத்துவார். யாரும் இறங்கக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் மீன் முள், பருக்கை, கை கழுவிய தண்ணீர் எல்லாம் வாளிக்குள் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்வார். வந்தவர்களும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, அவர் திரும்பிய நேரத்தில் யாராவது ஒருவர் முள்ளை வெளியே வீசுவார்.

“ஒரு பிடி சோறு வெளியில விழுந்தா மீனு திங்குது. அதுல என்ன டீச்சர் கெட்டுப்போச்சு?” என்று கலியமூர்த்தி ஒரு நாள் கேட்டார்.

டீச்சர் சட்டியிலிருந்து ஒரு மீன் தலையை எடுத்துப் படகுத்துறைக் கல்லின் மேல் வைத்தார்.

“உக்காருங்க.”

இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு காக்கை வந்தது. கொத்திப் பார்த்தது. கத்தியது.

“எத்தனை?”

“ஒண்ணு.”

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் மறுபடி கேட்டார். “எத்தனை?”

“பதினாலு.”

மீன் தலை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. பதினாலு காக்கைகளும் போகாமல் கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தன.

“கிளம்பலாம்,” என்றார் டீச்சர்.

காக்கைக்குச் சோறு வைப்பது நல்ல காரியம்தானே என்று நினைத்துக்கொண்டே கலியமூர்த்தி படகில் ஏறினார்.

வைகாசியில் டீச்சரின் தங்கைக்குப் பிரசவம். “நாலு நாள் படகு உங்க கையில,” என்று சொல்லிவிட்டு டீச்சர் தங்கையின் ஊருக்குப் போனார்.

முதல் நாளே கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஏழு பேர். அதில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி. திட்டுக்கு எதிரே படகு நின்றபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

“ஏனுங்க, கொஞ்சம் கீழ எறங்கிக் காலை நீட்டிக்கட்டுங்களா? இடுப்பு விட்டுப்போச்சு.”

கலியமூர்த்தி திட்டைப் பார்த்தார். பறவைகள் எல்லாம் வடக்கு முனையில் இருந்தன. தெற்கு முனை வெறும் மணல். இந்த நிலையில் இருப்பவள் வாய்விட்டுக் கேட்கிறாள். அவர் படகைக் கரையேற்றினார்.

தெற்கு முனையில் இலை போட்டார். மடவைக் குழம்பு, இறால் தொக்கு, உமரிக் கீரைப் பொரியல். அந்தப் பெண் கால் நீட்டி உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

“மூணு மாசமா சோத்தைக் கண்டாலே குமட்டுமுங்க. இன்னைக்குத்தான் வயிறார சாப்பிடறேன்.”

எத்தனையோ பந்திகளைப் பார்த்த கலியமூர்த்தி அவள் இலையில் இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினார். பிள்ளைகள் இறால் தலைகளைப் பறவைகளை நோக்கி வீசி விளையாடின. வேண்டாம் கண்ணு என்றார். கடிந்து சொல்ல மனம் வரவில்லை. கிளம்பும்போது ஓர் இலை விடாமல் பொறுக்கிச் சுருட்டிப் படகில் வைத்தார். திட்டு துடைத்துவிட்டது போல்தான் இருந்தது.

மூன்றாம் நாள் தனியாகக் கீரை கிள்ளப் போனார். தூரத்திலேயே இரைச்சல் கேட்டது.

திட்டு முழுக்கக் காக்கை. தெற்கு முனையில் இறால் தலைகள் தீர்ந்ததும், நடந்து நடந்து வடக்கே போயிருந்தன. அவசரப்படாமல் ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு போயின. தலைக்கு மேல் ஆலாக்கள் அலறிக்கொண்டு பாய்ந்தன, எழும்பின, மறுபடி பாய்ந்தன.

கலியமூர்த்தி மூங்கிலோடு குதித்து ஓடினார். கத்தினார், வீசினார். காக்கைகள் எழுந்து, அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தன. திரும்பி ஓடினார். காலுக்கடியில் ஏதோ மெல்ல நொறுங்கியது. அப்படியே நின்றார். வெகு நேரம் அவருக்குக் காலைத் தூக்கிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

டீச்சர் திரும்பி வந்ததும் கலியமூர்த்தி எதையும் மறைக்கவில்லை. டீச்சர் முழுவதையும் கேட்டார்.

“அந்தப் பொண்ணு நல்லா சாப்பிட்டுச்சா?”

“நல்லா சாப்பிட்டுச்சு.”

டீச்சர் தலையசைத்தார்.

“நான் ஊரைப் பாத்துப் போயிடறேன் டீச்சர்.”

“நாளைக்கு ஆறு பேர் வர்றாங்க. நீங்க முன்னால உக்காந்து அவங்களுக்குச் சுத்திக் காட்டுங்க. நான் படகைத் தள்ளுறேன்.”

“எங்க கூட்டிட்டுப் போகணும்?”

“திட்டுக்கு.”

மறுநாள் அந்த ஆறு பேரோடு படகு திட்டுக்கு எதிரே நின்றது. காற்று மணலை இழைத்துக்கொண்டிருந்தது. ஒரு பறவை இல்லை. காக்கைகூட இல்லை.

“இங்க என்னங்க பாக்கணும்?” என்று மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார். “வெறும் மணலால்ல கெடக்கு?”

கலியமூர்த்தி திரும்பி டீச்சரைப் பார்த்தார். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மூணு நாள் முன்ன வரைக்கும் ஆலா இருந்துச்சு,” என்றார் கலியமூர்த்தி. “மணல்லயே முட்டை வச்சிருந்துச்சு.”

“எங்க போச்சு?”

“நான் இங்க சாப்பாடு போட்டேன்.”

அவர்கள் புரியாமல் பார்த்தார்கள். கலியமூர்த்தி சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி கேட்டதைச் சொன்னார், அவள் வயிறார சாப்பிட்டதைச் சொன்னார், இறால் தலைகளைச் சொன்னார், காக்கைகள் நடந்துபோனதைச் சொன்னார். தன் காலுக்கடியில் நொறுங்கியதையும் சொன்னார். தன்னை நொந்துகொள்ளவும் இல்லை, நியாயம் பேசவும் இல்லை. சொல்லி முடித்ததும் சாப்பாட்டுச் சட்டியைத் திறந்தார்.

யாரும் ருசியைப் பற்றிப் பேசவில்லை. நன்றாகவே சாப்பிட்டார்கள். மதுரைக்காரரின் மனைவி படகு விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் தொட்டெடுத்து, சுற்றும் முற்றும் பார்த்து, வாளியைக் கண்டு அதில் போட்டாள். வாளி அவள் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போனது. அங்கிருந்து அடுத்தவருக்கு.

மாலையில் வந்தவர்களை அனுப்பிவிட்டு இருவரும் துறையில் நின்றார்கள்.

“என்னை எதுக்கு டீச்சர் முன்னால உக்கார வச்சீங்க? தண்டனையா?”

“இல்ல.”

“பின்னே?”

டீச்சர் குனிந்து படகுக் கயிற்றை முடிந்தார்.

“எட்டு வருஷமா, ‘வெளியில எதையும் போடாதீங்க’ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டு வர்றேன். இன்னைக்குச் சொல்ல மறந்துட்டேன் அண்ணே.”