நான்காவது தட்டு

"பத்து நாளாச்சு மேடம். ஒரு துடிப்புகூட இல்ல."

டாக்டர் அருணகிரி தட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

பூங்கோதை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செல்லெல்லாம் உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"ஜெல்லு?"

"கல்லு மாதிரி நிக்குது. ஓரம்கூடக் கலையல." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடம் இதயங்களை அறுத்துத் தைத்தவர். மதுரையில் அவர் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கூடக் கைகூப்புவார். பூங்கோதைக்கு முப்பத்தைந்து. இந்த ஆய்வுக்கூடத்தில் பூங்கோதைதான் ஆசிரியை, அவர் மாணவர். வந்த முதல் வாரம் முழுக்கக் கண்ணாடிக் குப்பி கழுவத்தான் விட்டார்கள். கழுவினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் புலம்பினார்.

அவர் வந்தது பட்டத்துக்காக இல்லை. ஷர்மிளாவுக்காக.

ஷர்மிளாவுக்குப் பத்தொன்பது வயது. அவள் அண்ணன் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவன், பந்தை அடிக்கத் தூக்கிய கையோடு விழுந்து செத்துப்போனான். அதே கோளாறு இவள் இதயத்திலும் இருந்தது. இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று அவளைக் காப்பாற்றும், மற்றது கொன்றுவிடும். எது எந்த வேலையைச் செய்யும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொடுத்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

அதனால் அவள் தோலில் கடுகளவு எடுத்தார்கள். அந்தச் செல்களைப் பின்னோக்கி நடத்தி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் ஆக்கினார்கள். அங்கிருந்து முன்னோக்கி நடத்தி இதயச் செல் ஆக்கினார்கள். அவற்றை வெறும் தட்டில் வளர்த்தால் பாய் மாதிரி விரிந்து கிடக்கும். இதயம் பாய் இல்லையே. மேலும் கீழும் சுற்றிலும் பிடிமானம் வேண்டும். ஆகவே ஜெல்லில் கலந்து, தட்டில் நிற்கும் இரண்டு குட்டி ரப்பர் தூண்களுக்கு நடுவே ஊற்றுவார்கள். அது சதையாகித் துடித்தால், மருந்தை அந்தச் சதைக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஷர்மிளாவைத் தொடவே வேண்டாம்.

துடித்தால்.

அருணகிரி கலந்த முதல் இரண்டு தட்டும் சில நாளிலேயே சுருங்கிப்போயின. இதயத்தில் சுருங்கிய இடம் என்றால் செத்த இடம். ஆயிரம் நெஞ்சைத் திறந்து பார்த்தவருக்கு இது தெரியாதா? மூச்சுக் காட்டாமல் இரண்டையும் கழிவு வாளியில் கொட்டினார். மூன்றாவது தட்டுக்கு ஜெல்லைக் கெட்டியாக்கினார்.

அது சுருங்கவில்லை. துடிக்கவும் இல்லை.

"எங்க மேடம் தப்பு?"

பூங்கோதை மெல்லிய கம்பி ஒன்றால் ஜெல்லைத் தொட்டுப் பார்த்தார். கம்பி வழுக்கியது.

"டாக்டர், உங்களுக்குக் கை ஒடிஞ்சிருக்கா?"

"காலேஜ்ல படிக்கறப்ப. வலது கை."

"மாவுக்கட்டோட சோறு பிசைஞ்சீங்களா?"

"அதெப்படி முடியும்? எங்கம்மாதான் ஊட்டி..."

நிறுத்தினார். தட்டைப் பார்த்தார்.

"ஜெல்லுக்குப் போடற பொடி பாதி போதும்" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

ஷர்மிளாவின் இதயச் செல்களில் உறைபெட்டியில் இன்னும் ஒரே ஒரு குப்பிதான் மிச்சமிருந்தது. புதிதாக ஆக்க மூன்று மாதம் பிடிக்கும். மூன்று மாதம் அந்தப் பெண் தாங்குவாளா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அருணகிரி கலந்தார். ஜெல் கஞ்சித் தண்ணீர் போல இருந்தது.

"இது நிக்குமா மேடம்?"

"ஊத்துங்க."

"இன்னும் கொஞ்சம் கெட்டியா..."

"ஊத்துங்க டாக்டர்."

ஊற்றினார்.

"ஆறு நாள் இன்குபேட்டர் பக்கமே வராதீங்க. சத்துநீர நான் மாத்திக்கறேன்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"குப்பி கழுவுங்க. அதுல நீங்க கெட்டிக்காரர்."

ஆறு நாளும் கழுவினார். கழுவியதையே திரும்பக் கழுவினார். அந்த ஆய்வுக்கூடம் பிறந்ததிலிருந்து அவ்வளவு சுத்தத்தைக் கண்டதில்லை.

நாலாம் நாள் ஷர்மிளா போன் செய்தாள்.

"டாக்டர், பரீட்சை மூணாவது மாடியில நடக்குதாம். ஏறலாமா?"

"ஏறாதம்மா. கீழயே எழுத விடச்சொல்லி நான் காலேஜ்ல பேசறேன்."

"இப்படியே எத்தன நாளைக்கு டாக்டர்?"

பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஏழாம் நாள் காலையில் பூங்கோதைக்கு முன்னால் வந்து இன்குபேட்டரைத் திறந்தார். தட்டை எடுத்தார்.

ஜெல் சுருங்கியிருந்தது. ஊற்றியதில் பாதிதான் மிச்சம். தூண்கள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து நின்றன.

கடைசிக் குப்பி. அந்தப் பெண்ணிடம் எந்த முகத்தோடு பேசுவது? முன்பு செய்ததைப் போலவே இதையும் யார் கண்ணிலும் படாமல் ஒழித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. கழிவு வாளியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தார்.

"டாக்டர்!"

வாசலில் பூங்கோதை நின்றிருந்தார். தோளில் பை, கையில் ஹெல்மெட்.

"செத்துப்போச்சு மேடம். சுருங்கிடுச்சு. எல்லாம் தழும்பாயிடுச்சு."

பூங்கோதை ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தட்டைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"ஊத்தறப்ப தூண் எப்படி இருந்துச்சு?"

"நேரா."

"இப்ப?"

"வளைஞ்சிருக்கு."

"நீங்க தொட்டீங்களா?"

"இல்லையே."

"நானும் தொடல. அப்ப யாரு வளைச்சா?"

அருணகிரி தூண்களை உற்றுப் பார்த்தார்.

தட்டை மெல்ல மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். குமிழைத் திருகத் திருக எல்லாம் மங்கலாகவே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தூண் அசைந்தது.

நின்றது. மறுபடி அசைந்தது. இரண்டு தூணும் சேர்ந்து, ஒரே நேரத்தில்.

"ஷர்மிளா" என்றார், அவள் பக்கத்தில் இருப்பது போல.

ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னார். அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். பூங்கோதை அதற்கெல்லாம் நேரம் கொடுத்தார். இரண்டு மருந்துகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"முதல் ரெண்டு தட்டும் இப்படியேதான் சுருங்கிச்சு. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன். உங்ககிட்ட மறைச்சிட்டேன். இப்ப நீங்க கூப்பிடலைன்னா இதையும் கொட்டியிருப்பேன்."

பூங்கோதை கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரம்பத்துல நான் பதினோரு தட்டு கொட்டினேன் டாக்டர்" என்றார். "வாசல்ல நின்னு கூப்பிட எனக்கு ஆள் இல்ல."