சிவப்பு மூடி போட்ட சுவிட்ச்

“இது பயந்தாங்கொள்ளி மெஷின், மேஸ்திரியம்மா” என்றார் வைரக்கண்ணு. “கொஞ்சம் சூடு ஏறினா போதும், தானா நின்னுடுது.”

அமலோற்பவம் நிமிரவில்லை. வேறொரு எஞ்சினின் வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குப் பயப்படுதுன்னு கேட்டீங்களா, அண்ணே?”

வைரக்கண்ணு அவரைவிட மூத்தவர். விசைப்படகில் டிரைவராக இருந்தவர். படகு கடலோடு போன பிறகு இங்கே வேலை கற்க வந்தார். அமலோற்பவம் ராணுவப் பணிமனை ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு, நாகப்பட்டினம் சாலையில் சொந்தமாகப் பட்டறை போட்டவர். ராணுவம் கழித்துவிட்ட டீசல் ஜெனரேட்டர்களை ஏலத்தில் எடுத்துச் சரிசெய்வதுதான் அங்கே வேலை.

வைரக்கண்ணு மெஷினிடம் திரும்பிப் போனார்.

சூடு பார்க்கும் சென்சாரை மாற்றினார். மெஷின் ஓடியது, நின்றது.

மீட்டரை மாற்றினார். நின்றது.

விசிறி பெல்ட்டை மாற்றினார். அப்போதும் நின்றது.

“எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்.”

“மாத்தினீங்க. கேக்கலையே.”

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மெஷினை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். சும்மா நின்றார். பிறகு ஏதோ தோன்றி ரேடியேட்டருக்கு முன்னால் கையை நீட்டினார்.

விசிறி வேகமாகச் சுற்றியது. கையில் காற்றே படவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றினார். தகடுகளுக்கு நடுவே மணல் இறுகிக் கிடந்தது. நம் கடற்கரை மணல் இல்லை. மாவு போல, செம்மண் நிறத்தில். ஏதோ ஒரு பாலைவனத்தில் நின்ற மெஷின்.

கழுவி மாட்டியதும், நிறுத்தச் சொல்லும்வரை ஓடியது.

“பயம் இல்ல மேஸ்திரியம்மா. மூச்சு முட்டியிருக்கு.”

அமலோற்பவம் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவரிடம் நீட்டினார்.

டீயைக் குடித்தபடி வைரக்கண்ணு மெஷினின் முகப்பைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சுவிட்ச். அதற்குச் சிவப்பு மூடி. மூடியைக் கம்பியால் கட்டி, ஈய முத்திரை வைத்திருந்தது.

“இது என்ன?”

“சண்டை சுவிட்ச். யுத்த நேரத்துக்குன்னு ராணுவத்துல வச்சது.”

“போட்டா?”

“சூடு ஏறினாலும் நிக்காது. எண்ணெய் இறங்கினாலும் நிக்காது. உருகிச் சாகுற வரைக்கும் ஓடும்.”

“சாகுறதுக்கா சுவிட்ச் வச்சான்? எப்பதான் போடணும்?”

அமலோற்பவம் எழுந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார்.

“இந்தக் கேள்வி இருக்குற வரைக்கும் தொடாதீங்க.”

மழைக்காலத்துக்கு முன்பு அந்த மெஷின் கடலோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனது. அதை ஓட்ட வைரக்கண்ணுவும் கூடவே போனார்.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது.

காலையிலேயே கம்பங்கள் சாய்ந்து ஊரில் கரண்ட் போய்விட்டது. மெஷின் மட்டும் கொட்டகையில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மதியம் தங்கலெட்சுமி என்ற பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மா உடனே ஆபரேஷன் என்றார்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது கொட்டகையின் தகரம் ஒன்று பிய்ந்து வந்து ரேடியேட்டரில் செருகியது. தண்ணீர் பீறிட்டது. மெஷின் சூடேறி நின்றது.

நர்ஸ் நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

“அண்ணே, புள்ளைய எடுத்தாச்சு. தாய்க்கு ரத்தம் நிக்கல. லைட் வேணும், ரத்தம் உறிஞ்சுற மெஷின் ஓடணும்.”

“கொஞ்சம் ஆற விட்டா நல்லது. டாக்டரம்மாகிட்டக் கேளு.”

போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“முடியாதுங்கிறாங்க.”

வைரக்கண்ணு தகரத்தைப் பிடுங்கி எறிந்தார். சைக்கிள் டியூபைக் கிழித்துப் பிளந்த இடத்தை இறுகக் கட்டினார். ஊற்றிய தண்ணீர் அப்படியே ஒழுகியது. வார்டு, சமையல்கட்டு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் துண்டித்து, ஆபரேஷன் அறைக்கு மட்டும் கரண்ட் போகும்படி செய்தார். மெஷினைக் கிளப்பினார்.

ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது.

மூடியின் முத்திரைக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். சுவிட்சைப் போட்டார்.

இந்த முறை மெஷின் நிற்கவில்லை.

அவர் ஒழுக ஒழுகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். பெயிண்ட் கருகும் வாடை வந்தது. சத்தம் கரகரத்தது. இரும்போடு இரும்பு உரசுவது உள்ளங்காலில் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. நிறுத்தவில்லை.

நர்ஸ் வாசலில் தெரிந்தாள்.

“ரத்தம் நின்னுடுச்சு. தையல் போட்டாச்சு. நிறுத்திக்கங்க அண்ணே, போதும்.”

நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் சுற்றவே இல்லை.

மறுநாள் அமலோற்பவம் விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார். வைரக்கண்ணு மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“கொன்னுட்டேன், மேஸ்திரியம்மா.”

அமலோற்பவம் நீளமான கம்பியைச் செருகி எஞ்சினைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். பிளந்த ரேடியேட்டரையும் அதில் சுற்றியிருந்த டியூபையும் தொட்டுப் பார்த்தார்.

“லோடைக் குறைச்சீங்களா?”

“ஆபரேஷன் ரூம் தவிர எல்லாத்தையும் வெட்டிட்டேன்.”

“ஆற விட்டிருக்கலாமே.”

“கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் மூடியைத் திறந்தேன்.”

“அப்ப, ‘எப்பதான் போடணும்’னு என்கிட்ட கேட்ட கேள்வி ஞாபகம் வந்துச்சா?”

வைரக்கண்ணு யோசித்தார்.

“இல்ல. கேள்வியே இல்ல.”

அமலோற்பவம் கம்பியைத் துடைத்து வைத்தார்.

“புள்ளையப் பாத்தீங்களா?”

“எங்க பாத்தேன். இதை விட்டு நகரல.”

“போய்ப் பாத்துட்டு வாங்க.”

வார்டு வாசலில் நர்ஸ் அவரை நிறுத்தினாள். “கையைக் கழுவிட்டு வாங்கண்ணே.” அவர் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கரி போகப் போக, தோள் இரண்டும் நேற்றிலிருந்து காதுவரை ஏறி நின்றிருந்தது அவருக்கே தெரிந்தது. அவை மெல்ல இறங்கின.

தங்கலெட்சுமி வெளுத்துப் போய்ப் படுத்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. பக்கத்தில் பெண் குழந்தை, துணிச் சுருளுக்குள் முகம் மட்டும் தெரிய.

“நீங்கதான் கரண்ட் கொடுத்தவங்களா?” என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார்.

குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது. இவ்வளவு பெரிய கொட்டாவியை அவர் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் கொட்டகைக்குத் திரும்பியபோது அமலோற்பவம் எஞ்சினின் அடிப் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

“தாய் எப்படி இருக்கு?”

“கண் முழிச்சுப் பேசுது.”

“புள்ள?”

“கொட்டாவி விடுது.”

அமலோற்பவம் அவர் கையில் ஸ்பானரைக் கொடுத்தார்.

“அப்படின்னா மெஷின் செய்யவேண்டியதைச் செஞ்சிருக்கு, பழுது ஒண்ணும் இல்ல, அண்ணே. இந்த எஞ்சினை இறக்குங்க, வேற மாட்டலாம்.”