பதில் சொல்லாத சர்வர்

"ரெண்டாவது சர்வர் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒரு வேலையும் அதுக்கு வரமாட்டேங்குது," என்றார் குணசீலன்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மனைவி இறந்தபின் பழைய வேலையை விட்டுவிட்டு, கிளவுட் கற்றுக்கொள்ள வந்தவர். சொல்லிக்கொடுக்கிற ஃபிர்தௌஸுக்கு இருபத்தொன்பது. வயதில் என்ன இருக்கிறது, தெரிந்தவர்தானே குரு!

ஒரு கல்லூரியின் விண்ணப்பத் தளத்துக்காகக் குணசீலன் இரண்டு சர்வர்களை ஒரே குழுவில் சேர்த்திருந்தார். வருகிற கூட்டத்தைப் பிரித்து அனுப்புவது லோட் பேலன்சரின் வேலை. அதுவோ அத்தனை பேரையும் முதல் சர்வரிடமே தள்ளியது. அந்த சர்வர் திணறிக்கொண்டிருந்தது. இரண்டாவது சும்மா கிடந்தது.

"ஏன் சார் அனுப்பலை?"

"செத்துப்போச்சுன்னு நினைக்குது. அநியாயம் மேடம்! உள்ளே போய்ப் பார்த்தேன், கல்லுக்குண்டாட்டம் இருக்கு."

"நினைக்கிறதுக்கு முன்னாடி அதுகிட்ட கேட்டிருக்குமே?"

கேட்டிருந்தது. பத்து விநாடிக்கு ஒரு தடவை, இருக்கியா என்று. பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று, அந்தக் கேள்வி வருகிற வழியையும் ஃபயர்வாலில் சேர்த்து அடைத்துவைத்த புண்ணியவான் குணசீலன்தான்.

மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. திரையில் செவ்வந்தி என்று வந்தது. குணசீலன் அதைக் கவிழ்த்துவைத்தார்.

"யார் சார்?"

"மக. தூத்துக்குடியில இருக்கா."

"எடுக்கலையா?"

"எடுத்தா அழுதுருவேன் மேடம். அவ அம்மா காரியம் முடிஞ்சதிலேர்ந்து எடுக்கலை. எட்டு மாசம் ஆச்சு."

ஃபிர்தௌஸ் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை தடவை பதில் வராட்டி சார், செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணும்?"

"மூணு."

"அப்புறம் கேக்கிறதை விட்டுடுமா?"

குணசீலன் லோட் பேலன்சரின் பதிவைத் திறந்து பார்த்தார். காலையிலேயே மூன்று தடவை பதில் வராமல் போயிருந்தது. அதற்குப் பிறகும் கேட்டிருந்தது. பத்து விநாடிக்கு ஒரு தடவை, ஒன்று விடாமல், இந்த நிமிஷம் வரைக்கும்.

குணசீலன் அடைத்த வழியைத் திறந்துவிட்டார். அரை நிமிஷத்தில் இரண்டாவது சர்வருக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர் அதைப் பார்க்கவில்லை. கவிழ்த்துவைத்த ஃபோன் மறுபடியும் அதிர்ந்துகொண்டிருந்தது.

எடுத்தார்.

"இருக்கேம்மா."



"சாப்பிட்டீங்களாப்பா?"